அன்று நான் போடாத சத்தம்

எட்டு மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில், நான் அடித்த கோல்ஃப் பந்து என் மகளின் வலது கண்ணில் பட்டது. இந்த ஒரு வசனத்தை எழுதிவிட்டு மூன்று தடவை கணினியை மூடியிருக்கிறேன். இன்றைக்கு மூடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விளையாட்டுக்காரன் அல்ல. பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்ட அணிக்கு ஆள் தெரிவுசெய்யும்போது கடைசிவரை வரிசையில் நிற்பவன். மெல்பேர்னுக்கு வந்து, முதலில் ஒரு தொழிற்சாலையிலும் பிறகு லொறி ஓட்டியும் வேலை பார்த்து, டண்டினோங் பக்கத்தில் ஒரு சிறு கிடங்கை வாடகைக்கு எடுத்தேன். உணவகங்களுக்குப் பார்சல் பெட்டியும் காகிதப் பையும் கொடுக்கும் வியாபாரம். பல மீன் பொரியல் கடைகளுக்குச் சொந்தக்காரரான ஒரு வாடிக்கையாளர்தான் என்னைக் கோல்ஃபுக்கு இழுத்தவர். அலுவலகத்தில் கதிரை போட்டுப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. நடந்துகொண்டே பேசுவோம் வா என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பழைய மட்டைகளை வாங்கிக்கொண்டு தொடங்கினேன். அவர் ஓய்வுபெற்று ஊர் மாறிப் போனபிறகும் நான் விடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் கிடங்கில் நிற்பவனுக்குச் சனிக்கிழமைக் காலையில் நான்கு மணித்தியாலம் புல்லில் நடப்பது பெரிய விஷயம்.

மைதானத்துக் கட்டடத்தின் நடைபாதையில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. தடித்த மீசையும் இறுக்கிப் பூட்டிய மேற்சட்டையுமாக ஒரு அமெரிக்கர். அவருடைய நாட்டில் இந்த விளையாட்டுப் புதிதாக வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தவர், தோல் வியாபாரி. சரக்கு வாங்கக் கப்பலில் இங்கே வந்தவர் சில வாரங்கள் விளையாடிவிட்டு ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். படத்தின் கீழே அவரைப் பற்றி இரண்டே சொற்கள்: வியாபாரி, அமெச்சூர். காசுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக விளையாடுபவர் என்று அர்த்தம். அந்த இரண்டு சொற்களும் எனக்கும் பொருந்துகின்றன என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அலுமாரியில் இருந்த மைதானத்தின் பழைய வரலாற்றுக் குறிப்பில் அவரைத் தேடி வாசித்தேன். அவருடைய கம்பனி, அவர் வென்ற கிண்ணங்கள், விதிகளில் அவருக்கு இருந்த பிடிவாதம் எல்லாம் இருந்தன. யாரும் பார்க்காத இடத்தில் தன் பந்து அசைந்துவிட்டது என்று தானே சொல்லி, தண்டனையாகத் தன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டிக்கொள்வாராம். இந்த விளையாட்டில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் வருவதில்லை. பிழையை விட்டவனே வாய் திறந்து சொல்லவேண்டும். அவருக்கு நான்கு பிள்ளைகள் என்றும் ஒரு வரி இருந்தது. அந்தப் பிள்ளைகள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்று எங்கேயும் இல்லை. அப்போது அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

இனி சத்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இந்த நாட்டில் நாங்கள் முதலில் பழகியது குரலைக் குறைப்பதற்குத்தான். நோபல் பார்க்கில் நாங்கள் இருந்த வீட்டுச் சுவர் அட்டைபோல மெல்லியது. இலங்கையில் எங்கள் ஊரான மன்னாருக்குத் தொலைபேசி எடுத்தால் அந்தக் காலத்து இணைப்பில் கத்தித்தான் பேசவேண்டும். இரண்டு நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். மனைவி தலையணையை வாயருகே பிடித்துக்கொண்டு தன் தாயுடன் பேசுவாள். ரயிலில் ஏறினால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "மெல்லக் கதை, மெல்லக் கதை" என்போம். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். "அப்பா, யூ ஆர் ஷவுட்டிங்" என்பாள், நான் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே.

மைதானத்துக்குப் போகத் தொடங்கிய முதல் மாதம், லொறிச் சாரதி ஒருவர் சரக்கை வேறு கடையில் இறக்கிவிட்டார். நான் தொலைபேசியில் அவருடன் சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். வயதான ஒருவர் மிகவும் மரியாதையாக வந்து, அங்கே ஒருவர் பந்தைத் தட்டப்போகிறார், கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். நான்கு பேர் அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு முகங்களும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அன்றிலிருந்து அந்த மைதானத்திலேயே ஆகக் குறைந்த சத்தம் உள்ள மனிதனாக நான் மாறினேன்.

பிறகு மகளையும் அங்கே சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். அவளுக்கு அரை மனம்தான், எனக்காக வந்தாள். முதல் நாள் வெயில் கடுமையாக இருந்தது. தூரத்தில் இருந்து, "பிள்ளை, தொப்பியைப் போடு!" என்று கூப்பிட்டுவிட்டேன். வகுப்பில் நின்ற அத்தனை பெண்பிள்ளைகளும் திரும்பினார்கள். காருக்குள் ஏறியதும் அவள் சொன்னாள்:

"அப்பா, ப்ளீஸ். கோல்ஃப் கோர்சில கத்தாதேங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"சரி" என்றேன்.

ஆனால் கோல்ஃபில் கத்தியே ஆகவேண்டிய ஒரு நேரம் இருக்கிறது. அடித்த பந்து வழிமாறி ஆட்கள் இருக்கும் பக்கம் போனால், "ஃபோர்!" என்று தொண்டை கிழியக் கத்தவேண்டும். அதைக் கேட்டதும் எல்லோரும் குனிந்து தலையைப் பொத்திக்கொள்வார்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். அந்தச் சத்தத்தை யாரும் அநாகரிகம் என்று நினைப்பதில்லை. இந்த விதியை நான் வாசித்திருந்தேன். மற்றவர்கள் கத்தும்போது குனிந்தும் இருக்கிறேன். என் முறை வரும்போது மட்டும் குரல் வராது.

என்னுடன் விளையாடுபவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். கணினி வேலை. டார்னெய்ட்டிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து என்னுடன் விளையாட வருவார். வாய் நிறையப் பகிடி.

"அண்ணே, நீங்க ஃபோர்னு சொல்றது, சர்ச்சுல பக்கத்துல இருக்கிறவர்கிட்ட டைம் கேக்குற மாதிரி இருக்கு."

"கத்தினால் சனம் பாக்கும் தம்பி."

"பாக்கத்தானே கத்துறது!"

அவருக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. என் பந்து திசைமாறும்போதெல்லாம் எனக்குப் பதிலாக அவரே கத்திவிடுவார். மூன்று வருடமாக அப்படித்தான் ஓடியது.

அந்தச் சனிக்கிழமை, இரவு பெய்த மழையில் புல் நனைந்திருந்தது. மகளின் வகுப்பு முடிந்துவிட்டது. குளிருகிறது, காருக்குள் இருக்கப்போகிறேன், கார்த் திறப்பை வாங்க அங்கே வருகிறேன் என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். என் தொலைபேசி பைக்குள் இருந்தது. நான் பார்க்கவில்லை.

பத்தாவது குழிக்கு நீளமான மட்டையை எடுத்து அடித்தேன். அடித்த கணமே கைக்குத் தெரிந்துவிட்டது. பந்து நேரே கிளம்பி, பிறகு வலப்பக்கமாக வளைந்தது. அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை. அதில் கருநீல மேற்சட்டை போட்ட ஒருவர் நடந்து வருவதைக் கண்டேன். அது என் மகள் என்று தெரியாது. ஒரு மனிதர் என்று தெரியும்.

நண்பர் குனிந்து தன் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு குழு நின்றது. நான் வாயைத் திறந்தேன். ஒரு பந்து வானத்தில் நிற்பது நான்கு ஐந்து விநாடிதான். ஆனால் அதற்குள் எவ்வளவோ நினைக்க முடிகிறது. மரத்தில் படும், முன்னாலேயே விழுந்துவிடும், வீணாகக் கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். நான் நினைத்தது இதைத்தான். நான் நினைத்ததை எனக்கு நானே மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாறவில்லை.

பந்து பட்ட சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. நண்பர் நிமிர்ந்து, "ஃபோர்! ஏய், தலை, தலை!" என்று கத்தினார். அந்தக் கருநீலச் சட்டை, சப்பாத்து நாடாவைக் கட்ட உட்காருவதைப்போல மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. உட்கார்ந்த விதத்தில்தான் அது யார் என்று எனக்குத் தெரிந்தது.

ஓடிப்போனேன். கையால் முகத்தை மூடியிருந்தாள். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்தது. ஒரு காதில் இயர்ஃபோன் இருந்தது.

"சாரி அப்பா" என்றாள். "எனக்குக் கேக்கேல்ல. சாரி."

அவள் முதலில் சொன்னது இதுதான்.

அம்புலன்சில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மனைவி முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். வேலை உடுப்போடு ஓடிவந்தாள். வைத்தியசாலையின் நடைபாதையில் என்னைக் கண்டதும், என்ன நடந்தது என்றுகூட அவள் கேட்கவில்லை. அதை நான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"கத்தினனீங்களோ?"

அவளுக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் ஒரு பந்து பிள்ளையை நோக்கிப் போனால் மனிதர் என்ன செய்வார் என்று தெரியும்.

"ஓம்" என்றேன். "கத்தினனான். அவளுக்குக் கேக்கேல்ல. காதில அது இருந்தது."

மனைவி திரைச்சீலையை விலக்கி உள்ளே போனாள். அழுகையும் கோபமுமாக அவளுடைய குரல் வெளியே கேட்டது.

"எத்தினை தரம் சொன்னனான், அந்தக் கோதாரியைக் காதில வைச்சுக்கொண்டு நடக்காத எண்டு?"

"சாரி அம்மா" என்றாள் மகள்.

நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

கண்ணின் முன்பக்கத்தில் இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. தலையை உயர்த்திப் படுக்கவேண்டும், குனியக்கூடாது, நேரம் தவறாமல் மருந்து விடவேண்டும். இரத்தம் மெல்ல வடிந்து பார்வை திரும்பியது. ஆனால் கண்ணின் பின்பக்கத்திலும் காயம் இருந்தது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால், பார்க்கிற பொருளின் நடுவில் ஒரு மங்கல் இருப்பதாகச் சொன்னாள். நாளாகும், முழுதாகச் சரிவரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர். கார் ஓட்டப் பழகுவதற்கான அனுமதிக்கு விண்ணப்பிக்க அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அது தள்ளிப்போனது.

மைதான அலுவலகத்திலிருந்து விபத்துப் படிவம் வந்தது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி. ஆம் என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன். நண்பர் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார். அவர் கேட்ட சத்தம் அவருடைய சொந்தச் சத்தம். அதை அவர் யோசித்தாரோ தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பார்க்க வந்தவர்கள் சாப்பாட்டோடு வந்தார்கள். மாதா கோவிலில் எங்களுக்குப் பழக்கமான ஒரு அன்ரி, மகளின் கையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"எப்பிடியம்மா பட்டது?"

"மை ஃபால்ட், அன்ரி. இயர்ஃபோன் போட்டிருந்தனான். அப்பா கத்தினவர்."

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குக் காது வெறுமையாக் கிடந்தால் சரிவராது" என்றார் அன்ரி, நல்ல மனதோடுதான். எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். நான் தேநீர் எடுக்கப்போவதுபோலக் குசினிக்குள் போனேன்.

வந்த ஒவ்வொருவரிடமும் மகள் இதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலும் சொன்னாள். இயர்ஃபோனைத் தாயிடம் கொடுத்துவிட்டாள். தெருவில் நடக்கும்போது நின்று நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பாள். மேசையில் தண்ணீர் சிந்தினால்கூட, "சாரி, நான் கவனிக்கேல்ல" என்பாள். முன்பு அவள் அப்படிப்பட்ட பிள்ளை அல்ல. பிழை விட்டாலும் வாதாடுகிற பிள்ளை. கண் மங்கியது ஒரு காயம் என்றால் இது இன்னொன்று. இந்த இரண்டாவதை நான் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஐந்து மாதம் போனது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கே வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். வகுப்பில், தாங்கள் விட்ட ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்டதைப் பற்றி எல்லோரும் கட்டுரை எழுதவேண்டுமாம்.

"டீச்சருக்கு டீடெயில்ஸ் வேணுமாம். நீங்கள் எத்தினை தரம் கத்தினீங்கள் அப்பா? ஒருக்காவோ, ரெண்டு தரமோ?"

நான் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் கட்டுரையைத் திறந்து காட்டினாள். ஆங்கிலத்தில் நன்றாக எழுதியிருந்தாள். தன் தந்தை தன்னைக் காப்பாற்றப் பார்த்தார், தான்தான் காது கொடுக்கவில்லை என்று இருந்தது. அங்கே கிடந்த பெட்டிக்கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் நண்பருக்குத் தொலைபேசி எடுத்து, மகளிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"அண்ணே, இப்ப எதுக்கு? பொண்ணு இன்னும் ஒரு வருஷத்துல மறந்துடும்."

"மறக்கமாட்டாள். எழுதி வைச்சிருக்கிறாள்."

"நான் கத்தினேன்ல? யாரு கத்தினா என்ன?"

"நீங்கள் கத்தினது பட்ட பிறகு, தம்பி."

"ஆமா" என்றார். "ஆமாண்ணே. பட்ட பிறகுதான்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டோம். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் கணினியோடு இருந்தாள். நான் அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ கேட்டாய், எத்தினை தரம் கத்தினனான் எண்டு."

"ஓம்."

"நான் கத்தேல்ல."

அவளுக்கு விளங்கவில்லை. "வாட் டு யூ மீன்?"

"பந்து உன்னட்ட வரேக்குள்ள நான் சத்தம் போடேல்ல. அந்த அங்கிள் கத்தினது பட்ட பிறகு. அதுக்கு முன்னம் ஒருதரும் கத்தேல்ல. உன்ர காதில ஒண்டும் இல்லாமல் இருந்திருந்தாலும் உனக்கு ஒண்டும் கேட்டிருக்காது."

"ஆள் நிக்கிறதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"நான் எண்டு தெரியுமோ?"

"தெரியாது. ஆரோ ஒராள் எண்டு தெரியும்."

குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எதையோ தேடுவது தெரிந்தது. பிறகு அது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

"நான் சொன்னதாலேயோ? கத்தாதேங்கோ, வெக்கமாக் கிடக்கு எண்டு அண்டைக்குச் சொன்னனே?"

இந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்ல ஐந்து மாதமாக என் மனதுக்குள் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருந்தது. நல்ல கோர்வையான மறுமொழி. அதைப் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் அவள் அதை ஏற்றுக்கொண்டிருப்பாள். வாழ்நாள் முழுவதும் வைத்திருந்திருப்பாள்.

"இல்லை" என்றேன். "அது சின்னப் பிள்ளை சொல்லுற சாதாரணக் கதை. நான் பயந்தனான். எல்லாரும் திரும்பிப் பாப்பினம் எண்டு பயந்தனான். அதுதான் காரணம். பிறகு அம்மாட்ட பொய் சொன்னனான்."

அவள் கணினியை மூடினாள். எழும்பிப் போனாள். கதவை அடித்துச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். என்னைத் திட்டவில்லை.

"அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு நான் அவளை ஏசினனான்" என்றாள். "கண்ணால ரத்தம் வந்துகொண்டிருக்கேக்குள்ள ஏசினனான்." பிறகு மகளின் அறைக்குப் போனாள். உள்ளே இருவரும் அழுவது கேட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் கிழமை நண்பரும் நானும் மைதான அலுவலகத்துக்குப் போய், முதல் படிவத்தில் எழுதியது சரியில்லை என்று சொல்லிப் புதிதாக எழுதிக் கொடுத்தோம். அலுவலகப் பெண் அதிகம் கேட்கவில்லை. சில நாட்களில் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு நான் அங்கே விளையாட முடியாது. நான் திரும்பப் போவேனா என்பது எனக்கே தெரியாது. நண்பர் இப்போது வேறு ஆட்களுடன் விளையாடுகிறார். சனிக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து, "அண்ணே, பொண்ணு எப்படி?" என்பார். முன்போலப் பகிடி விடுவதில்லை.

மகள் அந்தக் கட்டுரையை அழித்துவிட்டு வேறு ஒன்று எழுதினாள். எதைப் பற்றி என்று எனக்குச் சொல்லவில்லை. என்னோடு பேசுவது தேவைக்கு மட்டும் என்றானது. சாப்பிட்டாயா, ஓம். நாளைக்கு எத்தனை மணிக்கு, எட்டு. இதைச் சுலபமாகத் தாங்கினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தெருவில் நடக்கும்போது அவள் பின்னால் திரும்பிப் பார்ப்பது குறைந்திருப்பதாக மனைவி சொன்னாள்.

போன மாதம் கண் வைத்தியரிடம் மறுபடியும் போகவேண்டியிருந்தது. தாய்தான் வரவேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். தாய்க்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் நான் கூட்டிப்போனேன். அவள் காரின் பின் இருக்கையில் இருந்தாள். வைத்தியர் புதியவர், இளம் பெண். பழைய மருத்துவக் குறிப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, எப்படி அடிபட்டது என்று உன் வாயாலேயே சொல் என்று மகளிடம் கேட்டார்.

முந்தைய தடவைகளில் இந்தக் கேள்விக்கு இயர்ஃபோனில் இருந்துதான் அவள் தொடங்குவாள். இம்முறை அப்படித் தொடங்கவில்லை.

"என் அப்பா அடித்த கோல்ஃப் பந்து பட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அவர் எச்சரிக்கவில்லை."

வைத்தியர் என்னைப் பார்த்தார். அது சரிதான் என்றேன். அவர் அதைத் தட்டச்சுச் செய்துகொண்டார். பிறகு மகளிடம் முகவாயைக் கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் பாய்ச்சி வெகு நேரம் பார்த்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். முதல் நான்கு வரிகளை வாசித்தாள். ஐந்தாவது வரியில் நின்றாள். ஊகித்துச் சொன்னாலும் பரவாயில்லை என்றார் வைத்தியர்.

"தெரியவில்லை" என்றாள் மகள். குரல் தெளிவாக இருந்தது. அதையும் வைத்தியர் குறித்துக்கொண்டார்.